மூத்தவன் என்று எழுதிய மனு

போன ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருத்திதான் கேட்டாள்: "ஏளா, ஒங்க வீட்டுக்கு ஒரு ஆப்பிரிக்காப் பட்டாளத்துக்காரரு வருவாரே, ராஜா வீட்டுப் பிள்ளைன்னு சொல்லுவாவளே, அவரு என்ன ஆனாரு?" நான் செருப்பைக் காணவில்லை என்று பேச்சை மாற்றினேன். செருப்பு என் காலடியில்தான் கிடந்தது. நீங்களும் பார்த்தீர்கள், ஒன்றும் சொல்லவில்லை. அதற்காகவே உங்களிடம் சொல்லத் தோன்றியது.

நம் கூட்டத்தில் ஆறு பேர் மிச்சம். அதில் ஒருத்திக்குக் காது கேட்காது, இன்னொருத்திக்குத் தன் மகளையே அடையாளம் தெரியவில்லை. வாயால் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், நீங்களும் சேர்ந்து அழுது கதையைக் கெடுத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டு நீங்களே வாசியுங்கள். பேரப்பிள்ளைகளை வாசிக்கச் சொல்ல வேண்டாம். அதுகளுக்குச் செல்போனில் வேலை இருக்கிறது.

சண்டை முடிந்த மறு வருஷம். எனக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்தது. கடற்கரைச் சாலையில் காலியாகக் கிடந்த பஞ்சுக் கிட்டங்கியில் இருபது முப்பது ஆப்பிரிக்கப் பட்டாளத்துக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பர்மாவில் சண்டை போட்டவர்கள். ஊருக்குப் போகக் கப்பல் கிடைக்காமல் மாசக்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள். அவர்களைக் கண்டால் நாம் ஓடி ஒளிவோம், ஞாபகம் இருக்கிறதா? ஊர் அவர்களுக்கு ஒரு பேர் வைத்திருந்தது. நாமும் சுவருக்குப் பின்னால் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கத்திவிட்டு ஓடியிருக்கிறோம். அதை எழுத இப்போது கை கூசுகிறது.

எங்கள் அப்பாவுக்குக் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தா வேலை. நம் தெருவில் இங்கிலீஷில் மனு எழுதுகிற ஒரே ஆள். தோணிக்காரர், சொந்த வள்ளம் வைத்துத் தொழில் நடத்துகிற சம்மாட்டி, விதவைப் பென்ஷன் கேட்கிற பெண்கள், எல்லோரும் சாயங்காலம் எங்கள் வீட்டு மேசைக்கு வந்துவிடுவார்கள். அப்பா வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே உட்காருவார். மனு எழுதும்போது கோட்டு இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எழுதி முடித்ததும் எழுந்து நின்று, கடலுக்கே கேட்கிற மாதிரி வாசிப்பார். கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் வேலை நடந்துவிடும் என்ற நம்பிக்கை முகத்தில் வந்துவிடும்.

அவர் தனக்காக எழுதிய மனுக்களும் உண்டு. அது எங்கள் அண்ணனைப் பற்றி.

அண்ணனை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கே நிழல் மாதிரிதான். பதினேழு வயதில் ரங்கூனுக்குப் போனான், அரிசி மில்லில் கணக்கப்பிள்ளைக்கு உதவியாளாக. எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த மூன்றும் தங்கவில்லை. எனக்குப் பிறகு தம்பி. ரங்கூனில் குண்டு விழுந்தபோது நம் ஊர்க்காரர்கள் காடு மலையெல்லாம் நடந்தே திரும்பினார்கள். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அண்ணன் வரவில்லை. செத்தான் என்று சொல்லவும் ஆள் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆள் இல்லை. அப்பா எந்தெந்த ஆபீசுக்கெல்லாமோ எழுதினார். எல்லா மனுவும் ஒரே மாதிரி தொடங்கும். 'மை எல்டெஸ்ட் சன்' என்று அவர் வாசிக்கும்போது குரல் அந்த இடத்தில் ஒரு தட்டுத் தட்டும். எனக்கு இங்கிலீஷில் முதலில் தெரிந்த வார்த்தைகள் அவை மூன்றும்தான். கன்னியர் மடத்துப் பள்ளியில் பூனை, நாய்க்கெல்லாம் இங்கிலீஷ் படிக்கும் முன்பே மூத்த மகனுக்கு இங்கிலீஷ் படித்துவிட்டேன்.

அந்தப் பட்டாளத்துக்காரர் முதலில் வந்தது, ஊருக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி. வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார். தலை நிலையில் இடித்துவிடும் என்று குனிந்தார். தம்பி அம்மாவின் சேலைக்குள் போய்விட்டான். கன்னத்தில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று கோடு கீறியிருந்தது. பூனை பிறாண்டியதாக்கும் என்று நினைத்தேன். அது அவர்கள் குலத்து அடையாளம் என்று அப்பா கேட்டுச் சொன்னார்.

அம்மாவுக்குப் பயமே இல்லை. பர்மாவிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் உள்ளே போய் அண்ணன் போட்டோவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஐயா, எங்கனயாச்சும் பாத்தியா? எம் மவன். இங்கன கன்னத்துல ஒரு மச்சம் கெடக்கும். போட்டோவுல தெரியாது."

அப்பா சங்கடப்பட்டார். "பர்மான்னா நம்ம தெருன்னு நெனச்சியா? அவரு காட்டுல கெடந்து சண்ட போட்டவரு" என்றார். ஆனாலும் இங்கிலீஷில் கேட்டார். அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, போட்டோவை இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் அம்மா போட்டோவை நீட்டுவாள். அவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பது போலக் கையைத் துடைத்துவிட்டு வாங்குவார். முந்தாநாள்தானே பார்த்தேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

நாங்கள் அவரை மாமா என்றோம். அவர் எங்கள் அம்மாவை 'மாமா' என்று கூப்பிடுவார், அவர்கள் ஊரில் அம்மாவுக்கு அப்படித்தானாம். நாங்கள் அவரையும், அவர் அம்மாவையும் மாறி மாறி மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டுத் தம்பிக்குச் சிரிப்புத் தாங்காது.

அப்பா ஆபீஸ் விட்டு வர மணி ஆறாகும். பட்டாளத்து மாமா நாலு மணிக்கே வந்துவிடுவார். தெருக்கோடியில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் நிழலில் மணலில் உட்காருவார். பழைய முத்துச் சிப்பிக் குளிப்பு நடந்த காலத்தில் கொட்டிய சிப்பி அங்கே குவிந்து கிடக்கும். ஊறிய மீன் வாடையும், தார் வாடையும், வெயிலில் காய்ந்த சிப்பியின் ஒரு மாதிரி சுண்ணாம்பு வாடையும் அடிக்கும். அவர் பெரிய சிப்பிகளாகப் பொறுக்கி வரிசையாக வைத்தார். அவர்கள்தான் ராஜாக்கள்.

யொருபா என்பது அவர் சனம். ஓயோ என்று ஒரு பெரிய ராச்சியம் அவர்களுக்கு இருந்தது. அதிலிருந்து பிரிந்து போய் உண்டான ஒரு சின்ன ஊருக்கு அவருடைய அப்பா ராஜா. சின்ன ஊர் என்றாலும் முதல் ராஜாக்கள் எல்லோருக்கும் பொது. கையாலும் கண்ணாலும் அவர் சொல்லுவார், தெரிந்த பத்துத் தமிழ் வார்த்தையை நடுவில் போடுவார். மிச்சத்தை ஆறு மணிக்கு அப்பா வந்து தமிழில் சொல்லுவார். எங்களுக்குப் பேர் வாயில் நுழையாததால் நாங்களே பேர் வைத்துக்கொண்டோம்.

முதலாவது பாம்பு ராஜா. கூடப்பிறந்தவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பிப் போக வெட்கப்பட்டுக் காட்டில் அலைந்தவர். இன்னொரு ராஜா அவருக்கு ஒரு மலைப்பாம்பைக் கொடுத்து, இது எங்கே ஏழு நாள் அசையாமல் கிடக்கிறதோ அங்கே ஊர் கட்டு என்றார். அப்படிக் கட்டிய ஊர்தான் ஓயோ. அடுத்தது அவர் மகன் சாந்த ராஜா. சண்டையே பிடிக்காதவர். அதனாலேயே அவரை இறக்கிவிட்டுத் தம்பியை ஏற்றினார்கள். அந்தத் தம்பிதான் இடி ராஜா. பேசினால் வாயிலிருந்து தீ வரும். இடியை வரவழைக்கிற மந்திரத்தைச் சோதித்துப் பார்க்கப் போய், அது சொந்த அரண்மனையிலேயே விழுந்து பெண்டாட்டி பிள்ளையெல்லாம் கருகிப்போனது. அவர் காட்டுக்குப் போய்த் தூக்குப் போட்டுக்கொண்டார். ஆனால் அவருடைய சனம் இன்றைக்கும் ராஜா தூக்குப் போடவில்லை என்றுதான் சொல்லுமாம். இடி இடித்தால் கும்பிடுமாம். மறுபடி சாந்த ராஜாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவருக்குப் பிறகு அவர் மகன், சிறுத்தைக் குட்டி வளர்த்த ராஜா. அவர் சாகும்போது பிள்ளைகள் எல்லாம் முன்பே போய்விட்டார்கள். வயிற்றுப் பிள்ளையோடு ஒரு ராணிதான் மிச்சம். அந்த அம்மாளே மகுடத்தைத் தலையில் வைத்து, ராஜா உடுப்பை உடுத்து, பிறந்த பிள்ளை பெரியவனாகும் வரை ஆண்டாளாம்.

அப்பா இதைச் சொன்ன அன்று அம்மா அரிவாள்மணையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்: "பிள்ளைக்க எடத்த ஒருத்தனையும் தொட விடலியே. அவ தாய்."

ராஜா பட்டம் யாருக்குப் போகும் என்பதை அவர் சொன்ன அன்று, அப்பா துறைமுகத்தில் உப்புக் கப்பல் வந்திருக்கிறது என்று வரத் தாமதமாகிவிட்டது. நானும் தம்பியும் மட்டும்தான் இருந்தோம். அவர் ஒரு பெரிய சிப்பியை வைத்து, அதன் பக்கத்தில் நாலு சின்னச் சிப்பிகளை வயது வரிசைப்படி வைத்தார். பெரிய சிப்பி ராஜா. ராஜா செத்துவிட்டார் என்று மணலில் குழி தோண்டிப் புதைத்தார். பிறகு முதலாவது சின்னச் சிப்பியை எடுத்து அதே குழியில் வைத்து மூடினார். மூத்த மகன் அப்பாவோடு போக வேண்டும். அப்பா இருக்கும்போது அவனும் பாதி ராஜா மாதிரி இருந்தவன் இல்லையா, அதனால். தம்பி ஓவென்று அழுது குழியைத் தோண்டி அந்தச் சிப்பியை எடுத்துவிட்டான். அவர் சிரித்து, "இல்ல, இல்ல. இப்ப இல்ல" என்றார். அது பழைய காலத்து வழக்கம் என்று கையை முதுகுக்குப் பின்னால் வீசிக் காட்டினார். இப்போது என்ன செய்கிறார்கள் என்று காட்ட, அந்தச் சிப்பியை எடுத்துக்கொண்டு நடந்து, வள்ளத்தையும் தாண்டி, வெகுதூரத்தில் தனியாக வைத்துவிட்டு வந்தார். மூத்தவன் ஊரை விட்டுப் போய்விட வேண்டும். மற்ற மூன்று சிப்பிகளைச் சுற்றி ஏழு கல்லை வைத்தார். ஏழு பெரியவர்கள். பனங்கொட்டை மாதிரி பதினாறு விதையைப் போட்டு, குறி கேட்டு, மூன்றில் ஒருவனையோ வேறு ராஜ வீட்டுப் பிள்ளை ஒருவனையோ எடுப்பார்கள். பிறகு இரண்டாவது சின்னச் சிப்பியைத் தொட்டு, தன் நெஞ்சையும் தொட்டார்.

எனக்கு நன்றாகப் புரிந்தது. அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயில் உச்சத்தில் ஒருநாள் அவர் நாலு மணிக்கு வந்தும் வள்ளத்தடியில் உட்காரவில்லை. நேராக வீட்டு வாசலுக்கு வந்து நின்றுகொண்டே இருந்தார். கையில் கடிதம். அப்பா வந்து வாசித்தார். அவருடைய அப்பா, அந்த ஊர் ராஜா, இறந்து இரண்டு மாதமாகிவிட்டது. ஏழு பெரியவர்கள் சடங்கெல்லாம் முடித்துவிட்டுப் புது ராஜாவை எடுப்பார்கள். இவர் ஊரில் இருந்தால்தான் பேரைச் சேர்ப்பார்கள், அல்லது வந்துகொண்டிருக்கிறார் என்று சர்க்கார் வழியாகத் தகவல் போனால் கொஞ்ச நாள் பொறுப்பார்கள். தம்பிகள் இரண்டு பேருக்கும் பட்டத்துக்கு வயது போதாது. பட்டம் இவர்கள் வீட்டை விட்டுப் போனால் இவருடைய தாய் அரண்மனையை விட்டு வெளியேற வேண்டும். பார்வை மங்கிய கிழவி. நாற்பது வருஷம் இருந்த வீடு.

"அதுதான் கவல" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "ராஜா ஆவணும்னு கூட இல்ல. தாயை வெளிய போகச் சொல்லிருவாவன்னு அழுதான்."

அழுதாரா என்று எனக்குத் தெரியாது. தொப்பியைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா கோட்டை மறுபடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கப்பலில் முதலில் இடமும், ஊருக்கு ஒரு தந்தியும் கேட்டு மனு; ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுத ஆரம்பித்தார். நீ எத்தனையாவது மகன் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் இரண்டு விரலைக் காட்டினார். அப்பா பேனாவை வைத்துவிட்டார். அம்மாவைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "ரெண்டாவது மவன்னு எழுதினா இவன் பட்டாளத்துக் கேப்டன் துரை தூக்கிக் குப்பையில போட்டுருவான். பட்டத்துக்கு ரெண்டாவது மவன் எதுக்குன்னு கேப்பாம்லா?" பிறகு இங்கிலீஷில், மூத்தவன் எங்கே என்று கேட்டார். அவர் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கையைக் காட்டி, அந்தக் கையை அப்படியே மல்லாத்தினார். இரண்டு வயதில் செத்துவிட்டது.

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "பெறவென்ன? அப்ப நீதான் மூத்தவன்!"

அவர் பலமாகத் தலையாட்டி மறுத்தார். ஏதோ சொன்னார். அப்பா கையமர்த்திவிட்டு எங்களுக்குச் சொன்னார்: "செத்தாலும் அவந்தான் அண்ணனாம். பாசத்தப் பாரு. நம்ம பிள்ளையள மாதிரியே இருக்கான்." பிறகு குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

எழுதி முடித்து எழுந்து நின்று வாசித்தார். அன்றைக்கு வாசித்தது போல அவர் என்றைக்கும் வாசித்ததில்லை. இங்கிலீஷ் கடகடவென்று ஓடியது. பட்டாளத்துக்காரருக்கு அரைகுறை இங்கிலீஷ்தான், அந்த வேகத்தில் ஒன்றும் பிடிபட்டிருக்காது. எனக்கு அந்த மூன்று வார்த்தைகளில் ஒன்று காதில் விழுந்தது. எல்டெஸ்ட். அப்பாவின் குரல் அதே இடத்தில் அதே தட்டுத் தட்டியது. அண்ணன் மனுவில் தட்டுகிற மாதிரி.

"அப்பா, மாமா மூத்தவரு இல்லயே" என்றேன். "அவ்வொ ஊர்ல மூத்தவனுக்குப் பட்டம் கெடயாது. தூரமாப் போயிரணும். சிப்பி வச்சுக் காட்டுனாவ."

அப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சம்மாட்டியும் இன்னும் இரண்டு பேரும் மனுவுக்காகக் காத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சிரித்தார்கள். "சிப்பி வெளயாட்ட வச்சுச் சட்டம் படிச்சியோ? பொட்டப்பிள்ள, உள்ள போ" என்றார் அப்பா. நான் போகவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அவர் என் காதைத் திருகினார். அம்மா, "அப்பா அறிஞ்சுதாம்ளா எழுதுதாவ, நீ வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் மாமாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் எனக்கு ஐந்து அடி தூரத்தில் நின்றார். ஒரு விரலை மட்டும் நீட்டி, அந்தக் காகிதத்தைக் காட்டியிருந்தால் போதும், அவருக்குப் புரிந்திருக்கும். சொல்லவில்லை. காது எரிந்தது. நாலு பேர் முன்னால் திருகிவிட்டாரே என்ற ஆத்திரம். போகட்டும், தப்பாகவே போகட்டும், அப்போது தெரியும் அப்பாவுக்கு என்று நினைத்தேன். நிலைப்படியில் நின்று அவர் பெருவிரலை மசியில் தோய்த்து அழுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சாமியாரிடம் சொன்னதில்லை. என்ன பேர் வைத்துச் சொல்வது என்று தெரியவில்லை.

மனு வேலை செய்தது. கேப்டன் துரை அப்பாவையே ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கை கொடுத்தான். ஆப்பிரிக்காவுக்குத் தந்தி போனது. அப்பா ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தார். "ஒரு ராச்சியத்துக்கே நான்தான் ராஜாவ அனுப்புதேன்" என்று ஆபீசில், கோவிலில், ஏலக்கடையில் சொன்னார். தெருவே மாறிப்போனது. முன்னால் கதவைச் சாத்திய வீடுகளில் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். சம்மாட்டி வீட்டிலிருந்து வறுத்த நெய்மீன் வந்தது. சுவருக்குப் பின்னால் கத்திய நாமெல்லாம் வரிசையாக நின்று சல்யூட் அடித்தோம். அவர் வெட்கப்பட்டு வேகமாக நடந்து போவார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கப்பல் கிடைக்கப் போகிறது என்பது மட்டும் தெரியும். எனக்கு ராஜாக்களைப் பற்றிச் சொல்ல வருவார். நான் வள்ளத்தடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். படிக்கிறது இருக்கிறது என்று சொன்னேன்.

ஆவணியில் பதில் வந்தது.

துரை கொடுத்த காகிதத்தை மாமா அப்பாவிடம் வாசிக்கக் கொண்டுவந்தார். அப்பா சிரித்துக்கொண்டே வாங்கினார். வாசிக்க வாசிக்க உட்கார்ந்தார். பிறகு இங்கிலீஷில் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக அவருக்கு வாசித்துக் காட்டினார். எழுந்து நிற்கவில்லை. குரல் மேசையைத் தாண்டவில்லை. முடிந்ததும் அம்மா கேட்டாள், "என்ன எழுதிருக்கு?" அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தான் மூத்தவன்னு இவன் சொல்லி வெரல் வச்சு அனுப்பிருக்கானாம். மூத்தவன் எடத்த எடுத்துக்கிட்டவனுக்குப் பட்டம் கெடயாதாம். அது அவ்வொ வழக்கமாம். பட்டத்துக்குப் போட்டி போட்டவன் காகிதத்த எல்லார் முன்னாலயும் வாசிக்கச் சொல்லிட்டானாம். பேரச் சேக்கல. வேற வீட்டுக்காரன எடுத்துட்டாவ. மூத்தவன்னு ஆயிட்டதால இவன் ஊருல தங்கவும் வழியில்லியாம்." காகிதத்தை மடித்தார். "தாய் பொறந்த ஊருக்குப் போயிட்டாளாம். நடந்தே."

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் ஜெயித்துவிட்டேன்.

பட்டாளத்துக்காரர் கத்துவார், மேசையைக் கவிழ்ப்பார் என்று நினைத்தேன். அவர் அண்ணன் போட்டோவைக் கேட்டார். அதுவரை அவராகக் கேட்டதே இல்லை. அம்மா எடுத்து வந்து கொடுத்தாள். அவர் கையைத் துடைத்து வாங்கினார். தம்பி மேசைக்கடியில் உட்கார்ந்து ஆணியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். அவனைக் காட்டி, போட்டோவைக் காட்டி, அப்பாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அப்பா பேனாவை எடுத்து மறுபடி வைத்தார். அவர் மறுபடி அதையே, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"என்ன கேக்காவ?" என்றாள் அம்மா.

அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "இவன் இத்தன வருசமா வரலியே, அப்ப இந்தச் சின்னவன் ஒனக்கு மூத்த மவன் ஆயிட்டானான்னு கேக்கான்."

"இல்ல" என்றாள் அம்மா.

அது அவருக்குத் தெரிந்த தமிழ்தான். தலையாட்டினார். போட்டோவை அம்மா கையில் கொடுத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, குனிந்து வெளியே போனார். அப்பா மேசையில் தலையை வைத்து அழுதார். அண்ணன் வராத நாலு வருஷமும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதார்.

அப்பா பிறகு மூன்று மனு எழுதினார். தப்பு என்னுடையது, அவன் இரண்டாவது மகன்தான், தமிழ்நாட்டு வழக்கத்தில் எழுதிவிட்டேன் என்று துரைக்கு, மதராசுக்கு, அந்தத் தேசத்துச் சர்க்காருக்கு. எழுந்து நின்று வாசிக்காமல் மடித்து உறையில் போட்டார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அந்த வருஷத்தோடு மனு எழுதுவதையும் விட்டுவிட்டார். வருகிறவர்களிடம் கண் தெரியவில்லை என்று சொல்லிவிடுவார்.

கப்பல் கடைசியில் எல்லோருக்கும் சேர்த்துத்தான் வந்தது. நம் துறைமுகத்தில் அப்போது கப்பல் வெகுதூரத்தில் நிற்கும், தோணியில்தான் போய் ஏற வேண்டும். ஊர் முழுக்கப் பார்க்கப் போனது. நீங்களும் வந்திருந்தீர்கள். அப்பா பஞ்சுப் பேல்களுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நின்றார். நான் கூட்டத்துக்குள் நுழைந்து அவரிடம் போனேன். தோளில் மூட்டையோடு வரிசையில் நின்றார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். ஒங்கட்ட சொல்லிருக்கணும். கோவத்துல சொல்லல. மாமா, நான் வேணும்னுதான் சொல்லல."

ஒன்பது வருஷத்துத் தமிழ் முழுவதையும் கொட்டினேன். அவருக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. பிரிய மனமில்லாமல் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். குனிந்து என் தலையில் கை வைத்து, அவர் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னார். ஆசீர்வாதமாகத்தான் இருக்க வேண்டும். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எந்த ஊருக்குப் போனார், தாயைக் கண்டுபிடித்தாரா, ஒன்றும் தெரியாது. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், ரேஷன், எந்தக் காகிதத்தில் கேட்டாலும் அவர் தம்பியை இரண்டாவது மகன் என்றே எழுதினார். முதல் மகன் எங்கே என்று கேட்டால் வெளியூரில் என்பார். தம்பிக்கு இருபத்திரண்டு வயதானபோது அப்பா இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியதும், சாமியார் ஜெபத்தை முடித்துவிட்டு, "மூத்த மகன் மண் போடட்டும்" என்றார். நம் ஊர் வழக்கம்தானே, மூத்தவன் போட்ட பிறகுதான் மற்றவர்கள். எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். தம்பி அசையவில்லை.

"மூத்தவன் இன்னும் வரல, சாமி" என்றான்.

சாமியாருக்குப் புரியவில்லை. உபதேசியார் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு நின்றார். கடல் காற்று மணலை வாரிப் போட்டது. அம்மா குழியைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் வந்து சேருகிற அளவுக்கு நேரம் எல்லோரும் காத்து நின்றோம். அப்புறம் அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"சரிலே. நீ ஒன் பிடியப் போடு."

தம்பி இரண்டாவது பிடி மண்ணைப் போட்டான்.